கோழிக்கால் குறி

இலோய்லோ நகரம்
12 நவம்பர் 1984

திரு. ஃபெர்மின் பலாப்ரிகா அவர்களுக்கு,

'வெட்கம் என்று எதை வைத்து எழுதினீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றவற்றுக்குப் பதில் சொல்ல முடியும். பனாய் தீவின் பழைய கத்திகளில் உள்ள கொல்லர் குறிகளைப் பற்றிய என் புத்தகம் 1981-இல் வந்தது. எண்பத்து நான்கு குறிகள். உங்களைப் புண்படுத்தியது முப்பத்தொன்றாம் பதிவு. நீங்கள் அனுப்பிய நகலில் ஒரு வரி மங்கியிருப்பதால் முழுதாகத் தருகிறேன்: 'கோழிக்கால் போன்ற மூன்று கோடுகள். சான் இலாரியோ ஊர், இசிதோரோ பலாப்ரிகா பட்டறை. 1943 வாக்கில் ஜப்பானியர் அமைத்த காவல்படைக்காகச் செய்தவை. வேலைப்பாடு கவனக்குறைவானது. குறி பிடிக்குள் மறைவாக அடிக்கப்பட்டிருக்கிறது. வெட்கம் காரணமாக இருக்கலாம்.'

பிற கொல்லர்கள் எல்லோரும் பிடிக்கு மேலே, பார்ப்பவர் கண்ணில் படும்படி குறி அடித்திருக்கிறார்கள். இவர் மட்டும் பிடிக்குள் நுழையும் வால் பகுதியில் அடித்திருக்கிறார். பிடியைக் கழற்றினால்தான் தெரியும். அது ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக ஒரு காரணம் எழுதினேன். 'இருக்கலாம்' என்று போட்டது எச்சரிக்கைக்காக. அது போதாது என்று இப்போது தோன்றுகிறது.

கத்தி ஒரு தனியார் வசம் உள்ளது. கொல்லரின் பெயர் நம்பகமான வாய்மொழித் தகவலாகக் கிடைத்தது. உங்கள் ஊரின் போர் நினைவுக்கல் குழு என் புத்தகத்தைக் காட்டி உங்கள் தந்தையின் பெயரை மறுத்தது எனக்குத் தெரியாது. அதற்காக வருந்துகிறேன்.

லியோனிலா கும்பான்

—

தம்மாம், சவூதி அரேபியா
3 டிசம்பர் 1984

புரொபசர் மேடம்,

உங்கள் வருத்தம் வந்து சேர்ந்தது. இங்கே குழாய் பொருத்தும் வேலை, காலை நாலரைக்கு எழ வேண்டும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

என் தாய்க்கு எண்பத்தி நாலு வயது. சான் இலாரியோவில் என் மனைவியோடு இருக்கிறார். வரும் மார்ச் 18 விடுதலை நாள், நாற்பதாவது ஆண்டு. அன்று ஊர் முற்றத்தில் போரில் செத்தவர்கள் பெயரோடு கல் திறக்கிறார்கள். என் மனைவி அப்பாவின் பெயரை எழுதிக் கொடுக்கப் போனாள். குழுவில் ஒருவர் உங்கள் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினாராம்: "பாரு, படிச்சவங்களே எழுதியிருக்காங்க. உன் மாமனார் காவல்படைக்குக் கத்தி அடிச்சவன். அவனுக்கே வெட்கமா இருந்திருக்கு." அவள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பினாள். என் தாய்க்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கல்லில் தன் புருஷன் பெயரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்குப் புதைகுழி இல்லை. தடவ வேறு எதுவும் இல்லை.

காவல்படைக்கு அப்பா கத்தி அடித்தது உண்மை. துப்பாக்கியோடு வந்து கேட்டால் நீங்களும் அடிப்பீர்கள்.

உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1944 பிப்ரவரி. எனக்குப் பதினோரு வயது. பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். வந்தது காவல்படை இல்லை, மலையில் இருந்துகொண்டு ஜப்பானியரோடு சண்டை போட்ட நம் கெரில்லா ஆட்கள், ஐந்து பேர். ஒருவன் கையில் பிடி இல்லாத கத்தி. அதன் வாலைக் காட்டினான்.

"இது உன் குறியா?"

"ஆமா," என்றார் அப்பா. பிறகு அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன், கழட்டிப் பார்க்கலையா?"

ஒருவன் அவர் வாயில் அடித்தான். ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

கழட்டிப் பார்க்கலையா. நாற்பது வருஷமாக இந்த வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறேன். குறிகளைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள், இதைப் படித்துச் சொல்லுங்கள். அப்படியே அந்தத் 'தனியார்' யார் என்றும் சொல்லுங்கள். என் அப்பாவின் கத்தி எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அது சமையலறையில். அதில் எந்தக் குறியும் இல்லை.

ஃபெர்மின் பலாப்ரிகா

—

இலோய்லோ நகரம்
28 டிசம்பர் 1984

திரு. பலாப்ரிகா,

அந்தத் தனியார் என் தாய். அவர் இறந்த பிறகு, நான்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் தேடிப் பார்த்தேன். நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

என் தந்தை கிறிசாந்தோ கும்பான் சான் இலாரியோ பள்ளி ஆசிரியர். போரில் கெரில்லா லெப்டினன்ட். 1944 பிப்ரவரியில் ஒரு காவல்படைச் சாவடியைத் தாக்கி எடுத்த நீண்ட கத்தி ஒன்றை, தலிபோங், அவர் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து அடுத்த மோதலில் ஓங்கியபோது பிடி மட்டும் கையில் நின்றது. கத்தி கழன்று விழுந்துவிட்டது. இறந்து கிடந்த அவர் கையிலிருந்து பிடியைப் பிரித்தெடுக்கச் சிரமப்பட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. கத்தி தனியாகவும் பிடி தனியாகவும் ஒரே துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுக்கப்பட்டது. அதைப் பார்த்தபடி வளர்ந்தவள் நான். பின்னாளில் குறிகளைப் படிக்கப் போனதற்கும் அதுதான் தொடக்கமாக இருக்கும்.

கொல்லனின் பெயரைச் சொன்னவர் என் சிற்றப்பா தியோ பால்டொமேரோ. உங்கள் வீட்டுக்கு வந்த ஐவரில் அவர் ஒருவரா என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கல்லுக்கான குழுவின் தலைவரும் அவரே.

ஆகவே 'கவனக்குறைவான வேலைப்பாடு' என்று எழுதியது யார் என்பது உங்களுக்கு விளங்கும். அந்த வால் ஒன்றரை விரல் நீளம்தான். நாலு விரல் இருக்க வேண்டும். மீதிக் குழியை மரப்பிசினும் மூங்கில் சிம்பும் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு கொல்லனின் அலட்சியம் என் தந்தையைக் கொன்றது என்று நினைத்தேன். நினைத்ததை ஆய்வுமொழியில் எழுதினேன்.

'கழட்டிப் பார்க்கலையா' என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகச் சேகரிப்பில் அதே சாவடியில் எடுத்த இன்னும் இரண்டு கத்திகள் உள்ளன. அவற்றின் பிடிகளை யாரும் திறந்ததில்லை. திறக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

லி. கும்பான்

—

தம்மாம்
20 ஜனவரி 1985

மேடம்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை கிழிக்கப் போனேன்.

உங்கள் அப்பா எனக்கு முதல் வகுப்பு வாத்தியார். கும்பான் சார். காதைத் திருகுவார், ஆனால் திருகிவிட்டுப் பென்சில் கொடுப்பார். அவர் செத்ததற்குத்தான் என் அப்பாவைக் கொண்டுபோனார்கள் என்பது எங்களுக்கு இன்று வரை தெரியாது. காவல்படைக்கு வேலை செய்தவன் என்று கொன்றதாக நினைத்திருந்தோம்.

வால் ஒன்றரை விரல் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் அப்பா கலப்பைக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் நம் தீவின் அந்திகே மலைக்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "எதிராளி கத்தியை எடுத்தா, அப்படியே எவன்டா இடுப்புல கட்டுவான்? பழைய பிடியில செத்தவன் கை இருக்கும். நெருப்புல காட்டி, கழட்டி எறிஞ்சுட்டு, நம்ம பிடி போட்டுத்தான் தொடணும். எங்க ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும்."

எங்கள் ஊரிலும் குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் தெரிந்துகொண்டே அதையும் அப்பாவின் கேள்வியையும் ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

கும்பான் சார் பேய், செத்தவன் கை என்றால் சிரிப்பார். வகுப்பிலேயே சிரிப்பார்.

என் தாயைப் போய்ப் பாருங்கள். சமையலறைக் கத்தியையும் பாருங்கள். வீட்டுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் யார் மகள் என்பதை மட்டும் எழுதவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஃபெர்மின்

—

இலோய்லோ நகரம்
18 பிப்ரவரி 1985

மனோங் ஃபெர்மின்,

அண்ணன் என்று அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியாது. உங்கள் தாய் அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பல்கலைக்கழகக் கத்திகள். பிடிகளைப் பிசின் இளகும் அளவுக்குச் சூடாக்கி இழுத்தோம். ஒன்றில் வால் முழு நீளம், குறி இல்லை, வேறு யாரோ செய்தது. மற்றொன்றில் வால் ஒன்றரை விரல், கோழிக்கால் குறி, மூங்கில் சிம்பு. என் வீட்டில் இருப்பதைச் சேர்த்தால் இரண்டு. இரண்டு கத்தி நிரூபணம் ஆகாது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

சென்ற சனிக்கிழமை சான் இலாரியோ போனேன். உங்கள் தாய், ஊருக்கே அம்மாவான நானாய் சாலூத், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "கும்பான் பொண்ணு தானே? மூக்கு சொல்லுது. உள்ள வா, கருவாடு இருக்கு" என்றார். இஞ்சித் தேநீர் குடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகம் உட்பட. உங்கள் மனைவி என்னை முறைத்தார். உங்கள் தாய் எழுந்துபோய்ச் சமையலறைக் கத்தியை அடுப்பில் காட்டி, தானே பிடியை இழுத்தார். நான் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். வால் முழு நாலு விரல். குறி இல்லை.

"இதுல ஏன் குறி இல்லை, நானாய்?"

"நம்ம ஆளுங்களுக்கு அடிக்கிறதுல குறி எதுக்கு? யாரு அடிச்சதுன்னு ஊருக்கே தெரியும்."

"அப்போ அவங்களுக்கு அடிச்சதுல?"

"அதுல வாலை வேணும்னே குட்டையா விட்டு, குறியை உள்ள போட்டார். வாங்கறவன் மூங்கில் கணுவை மூணு வெட்டு வெட்டிப் பார்ப்பான். மூணுக்குத் தாங்கும். அப்புறம் ஒரு நாள் பிடி மட்டும் கையோட நிக்கும். நம்ம ஆள் எவனாவது அதைப் பிடுங்கிட்டு வந்தா, பிடி மாத்தக் கழட்டுவான். குட்டை வாலையும் கோழிக்காலையும் பார்ப்பான். இது ஆகாதுன்னு தூக்கிப் போடுவான். கழட்டாம எவன் கட்டுவான்னு சொல்லுவார்." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உங்க அப்பன் கட்டினான்."

இதையெல்லாம் ஏன் ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்ல? வந்தவனுங்க கேட்கவா வந்தானுங்க? போருக்கு அப்புறம் அவனுங்கதான் ஊர்."

அங்கிருந்து தியோ பால்டொமேரோ வீட்டுக்கு நடந்தேன். எழுபது வயது, இன்னும் நேராக நிற்கிறார். சேவலைக் கையில் பிடித்துத் தீனி ஊட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவை யாரும் பிடி மாத்தச் சொல்லலையா, தியோ?"

"சொன்னேன். எல்லாரும் சொன்னோம். வாத்தியாரைப் பேய் பிடிக்குமான்னு சிரிச்சான். நாங்களும் சேர்ந்து சிரிச்சோம்."

"குறியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவன் பட்டறைக் கதவுலயும் அதே மூணு கோடு. அதை வெச்சுத்தானே யார் வீடுன்னு கண்டுபிடிச்சோம்."

"கழட்டிப் பார்க்கலையான்னு அவர் கேட்டாராமே."

சேவலைக் கீழே விட்டார். "ஆத்துக்குப் போற வழியெல்லாம் அவன் ஏதோ சொல்லிக்கிட்டே வந்தான். உதடு கிழிஞ்சிருந்தது. எனக்கு அண்ணன் செத்து நாலு நாள், இண்டாய். நான் கேட்கலை."

கல்லில் பெயர் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டேன். கல் செதுக்கி முடிந்துவிட்டது என்றார். பிறகு, "அவன் பேரைப் போட்டா, யார் கொன்னதுன்னு பக்கத்துல போட வேணாமா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

மனோங், நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று வெட்டுக்குத் தாங்கும் கத்தி முப்பது வெட்டுக்கும் தாங்கியிருக்கலாம். கழன்று விழும் முன் அவற்றால் காவல்படையினர் யாரை வெட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் தாய் சொல்வதை நான் நம்புகிறேன். நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

லியோனிலா

—

தம்மாம்
5 மார்ச் 1985

இண்டாய் லியோனிலா,

நீங்கள் மனோங் என்று எழுதியதால் நானும் தங்கை என்றே எழுதுகிறேன். என் தாய் உங்களை மூக்கை வைத்துக் கண்டுபிடித்ததைப் படித்து இங்கே சிரித்தேன். பிறகு மற்றதைப் படித்தேன்.

அப்பாவை வீரன் என்று எழுத வேண்டாம். அவர் ஒரு கணக்குப் போட்டார், எல்லோரும் கழட்டுவார்கள் என்று. ஒருவர் கழட்டவில்லை. அதில் உங்கள் அப்பா போனார், பிறகு அவர் போனார். ஒன்றரை விரல் வாலோடு ஒரு கத்தியை வெளியே அனுப்பினால் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும். நான் இங்கே ஒரு திருகு தளர்வாக விட்டால்கூட யார் நிற்பான் அதன் கீழே என்று யோசிக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்பாவோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

உங்கள் அப்பா மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, அதனால் கோபத்தை வைக்க இடம் இல்லை.

ஜூன் வரை விடுமுறை கிடையாது. நான் கேட்பது இரண்டுதான். வெட்கம் என்ற வார்த்தையை எடுங்கள். மார்ச் 18 அன்று, கல்லில் இல்லாவிட்டாலும், அந்தப் பெயரை யாராவது ஒருமுறை சத்தமாகப் படிக்கட்டும். என் தாய் கேட்கும் தூரத்தில்.

ஃபெர்மின்

—

சான் இலாரியோ
17 மார்ச் 1985

மனோங்,

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று இரவு இங்கே தங்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மனைவி இன்னும் முறைக்கிறார், ஆனால் பாய் விரித்துத் தந்தார்.

வெட்கம் போய்விட்டது. விற்காமல் இருந்த நூற்றுப் பத்துப் பிரதிகளில் முப்பத்தொன்றாம் பதிவின் மேல் திருத்தத் தாளை நானே ஒட்டினேன். நூலகங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். 'கவனக்குறைவு' என்பதையும் எடுத்துவிட்டேன். இப்போதைய கடைசி வரி: 'குறி பிடிக்குள் அடிக்கப்பட்டது, பிடியைக் கழற்றுபவர் கத்தியைப் பயன்படுத்தாதிருக்க என்று அவர் மனைவி கூறுகிறார்.' இதற்கு மேல் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

இரண்டாவது நாளை. ஒரு பக்க அறிக்கை தயாரித்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் பெயர், என் அப்பாவின் பெயர், நடந்தது. ஐவரின் பெயர்கள் அதில் இல்லை. தியோவிடம் பிரதி கொடுத்தேன். படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பார்க்கலாம், இண்டாய்" என்றார். அவர் மறுக்கவில்லை. நாளை அனுமதிப்பார் என்று நினைக்கிறேன். என் அப்பா இடுப்பில் கட்டிய கத்தியையும் கொண்டுவந்திருக்கிறேன்.

18 மார்ச், மாலை

நடந்தது இது.

எட்டு மணிக்குத் தேவாலயத்தில் பூசை, பிறகு முற்றத்தில் வாத்தியக் குழு. நானாய் சாலூத்தை நாற்காலியோடு தூக்கி வந்து முதல் வரிசைக்குப் பின்னால் வைத்தோம். நான் தியோவிடம் போனேன். "நிகழ்ச்சி நிரல்ல இல்லை" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

துணியை விலக்கினார்கள். தியோ ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தார் எழுந்து 'இருக்கார்' என்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது கிறிசாந்தோ கும்பான். எழுந்து சொன்னேன். அந்த இடத்திலேயே மற்றப் பெயரையும் சொல்லிவிட நினைத்தேன். சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

இருபத்தேழாவது பெயர் முடிந்தது. தியோ தாளை மடித்தார். அப்போது உங்கள் தாய், உட்கார்ந்தபடியே, "இசிதோரோ பலாப்ரிகா" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே, "இருக்கார்" என்றார்.

வாத்தியக்காரர்கள் அதை முடிவு என்று நினைத்து ஊதத் தொடங்கினார்கள். தியோ கை காட்டி நிறுத்தினார். பிறகு ஒலிபெருக்கியில், "சாப்பாடு பள்ளிக்கூடத்துல" என்றார். கூட்டம் கலைந்தது.

தியோ மட்டும் கல் அருகில் நின்றார். நான் கத்தியை உங்கள் தாயிடம் கொடுத்தேன். அவர் வாலை விரலால் அளந்தார், குறியைத் தடவினார், மடியில் வைத்துக்கொண்டார். தியோ கிட்டே வந்தார்.

"நானாய், அன்னைக்கு வழியெல்லாம் அவன் என்ன சொல்லிக்கிட்டு வந்தான்னு உனக்குத் தெரியுமா?"

"நான் அங்கே இல்லையே, பால்டொமேரோ. நீ தானே பக்கத்துல இருந்தே."

உங்கள் தாய் மடியிலிருந்த கத்தியைத் துணியில் சுற்றினார்.

"போ. சோறு ஆறிடும்."

அவர் பள்ளிக்கூடம் பக்கம் போனார். கல்லில் இருபத்தேழு பெயர்கள் இருக்கின்றன. கோழிக்கால் குறியுள்ள கத்தி உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது, பிடி இல்லாமல்.

லியோனிலா